நாலு கை அமஞ்சி

என் அம்மாவைப் பெற்ற தாத்தா கெட்ட வார்த்தை பேசமாட்டார். கோபம் முற்றினால் ஒரே வரிதான்: "நான் என்ன ஒனக்கு அமஞ்சியா பாக்குறேன்?" அதைக் கேட்டதும் பாட்டி வாயை மூடிக்கொள்வாள். அமஞ்சி என்றால் கூலியில்லாத வேலை. கண்மாய்க் கரைக்கு மண் சுமக்கவும், பெரிய வீட்டுக்குக் கூரை வேயவும், விறகு பிளக்கவும் ஆள் அனுப்பினால் வீட்டுக்கு ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும். போனால் கஞ்சி கிடைக்கும், காசு கிடைக்காது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. பேரையூரைச் சுற்றியிருக்கும் கரிசல் ஊர்களில் ஜமீன் போன பிறகும் அந்தச் சொல் போகவில்லை. என் பிள்ளைகளைத் திட்ட நானும் அதைத்தான் எடுத்தேன்.

நான் 36 வருடம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள். பெரும்பகுதி மதுரையில், கடைசி நாலு வருடம் மகன் வேலை பார்க்கும் கோவையில். அங்கேதான் முதன்முதலாக ரோபோவுக்குச் சேலை கட்டினேன். சேலை என்று நாங்கள் கேலியாகச் சொல்வது அதன் கைகளுக்கு மாட்டும் கிருமி நீக்கிய பிளாஸ்டிக் உறையை. நாலு கைக்கும் நாலு உறை. எங்கும் உரசாமல், கிழியாமல் மாட்டப் பழக எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பழக்கிவிட வந்த கம்பெனிப் பையனுக்கு என் மகன் வயது இருக்கும். மதுரைப் பக்கத்துப் பிள்ளை. டீ இடைவேளையில் கேட்டான்: "சிஸ்டர், ரோபோங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"செக் பாஷையில ரோபோட்டான்னா பண்ணையாருக்குச் சம்பளம் இல்லாமச் செய்யிற வேலை. ஒரு நாடகத்துல இருந்து வந்த பேரு."

"எங்க ஊர்ல அதுக்கு அமஞ்சின்னு பேரு தம்பி" என்றேன். அவனுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கவில்லை. நல்லதுதான்.

பிறகு நானே தேடிப் படித்தேன். காரெல் சாப்பெக் என்ற செக் எழுத்தாளர் 1920-ல் எழுதிய நாடகம் அது. பெயரை எடுத்துக்கொடுத்தவர் ஓவியரான அவருடைய அண்ணன் யோசெஃப். செயற்கை மனிதர்களைச் செய்து வேலை வாங்குகிறார்கள், கடைசியில் அவர்கள் கலகம் செய்கிறார்கள் என்பது கதை. எங்கள் தியேட்டரில் இருந்தது கலகம் செய்யாத ஜாதி. தானாக ஒரு தையல்கூடப் போடாது. மூலையில் கருவிமேடைக்குள் தலையைப் புதைத்து உட்கார்ந்திருக்கும் டாக்டரின் விரல் எப்படி அசைகிறதோ அப்படியே நோயாளியின் வயிற்றுக்குள் அசையும். இந்த வகை யந்திரங்களுக்குப் பொறியாளர்கள் வெகுகாலம் வைத்திருந்த பெயரே மாஸ்டர் - ஸ்லேவ். எஜமான், அடிமை. ஒளிவுமறைவே இல்லை.

அறுவை சிகிச்சை வரலாற்றை எழுதுகிறவர்கள் டாக்டர்களின் பெயரை எழுதுவார்கள், யந்திரத்தின் பெயரை எழுதுவார்கள். டேபிளுக்கு மறுபக்கம் நின்ற என்னைப் போன்றவளுக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. நான் பார்த்தது ஒரு கையின் கதை. வயிற்றுக்குள் முழுசாக இருந்த கை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, கடைசியில் அறையின் மூலைக்கே போய்விட்டது என்பதுதான் அது.

நான் தியேட்டரில் நுழைந்த 1980-களில் கை உள்ளேதான் இருந்தது. பித்தப்பைக் கல் என்றால் வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் கீறல். டாக்டர் கையை விட்டுத் தடவி, கல்லை விரலால் உணர்ந்து, "இருக்கு" என்பார். அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருப்போம். கேட்கும் முன்பே ஆர்ட்டரி இடுக்கியைக் கையில் வைக்க வேண்டும்; டாக்டர் வாய் திறந்து கேட்டுவிட்டால் நர்ஸுக்கு அவமானம். மூடுவதற்கு முன், ரத்தம் ஒற்றிய துணி மாப்புகளை எண்ண வேண்டியது என் வேலை. ஒருநாள் இரவு எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. பெரிய டாக்டர் கோபத்தில் என்னைப் பார்க்க, நான் தரையில் உட்கார்ந்து வாளியைக் கவிழ்த்து மறுபடி எண்ணினேன். மாப் கிடைத்தது, அவருடைய செருப்புக்கு அடியில்.

கீறலைப் பற்றி டாக்டர்களுக்கு ஒரு கணக்கு, எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு கணக்கு. பத்து நாள் படுக்கை, தையல் பிரிப்பு, அதற்குப் பிறகு மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது. பருத்தி எடுக்கப் போகிறவளிடம், தலைச்சுமை தூக்குகிறவனிடம் மூன்று மாதம் என்று சொன்னால் அவர்கள் முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார்கள். தலையாட்டிவிட்டு ஊருக்குப் போவார்கள். மூன்றாவது வாரம் களத்தில் நிற்பார்கள். அடுத்த வருடம் தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்கி மறுபடி வருவார்கள். இதை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை.

சின்னத் துளை என்ற யோசனையை மதுரைக்காரர்கள் முதலில் கண்டது வயிற்றில் அல்ல, கண்ணில். இதை யாரும் ரோபோ வரலாற்றோடு சேர்த்துச் சொல்வதில்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் பாட்டிக்குக் கண்ணில் புரை விழுந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் வைத்து எடுத்தார்கள். தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, கண்ணைக் கட்டி, நாள்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். இருமக்கூடாது என்று சொன்னதில் பாட்டிக்கு இருமலே வந்துவிட்டது. திரும்பி வந்து சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். அது இல்லாவிட்டால் எதிரே நிற்பவர் யாரென்று தெரியாது.

அந்தக் காலத்தில் அதே ஆஸ்பத்திரியில் கண் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துக்காரர். இளவயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். கத்தி பிடிக்க முடியாத கையோடு கண் மருத்துவம் படித்து, தன் விரலுக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்தார். கருவி கைக்கு ஏற்றபடி வளைய வேண்டும், கை கருவிக்கு ஏற்றபடி அல்ல என்பதை மதுரையில் அவரைவிடத் தெளிவாகக் காட்டியவர் இல்லை. 1976-ல் ஓய்வு பெற்றதும் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அரவிந்தின் ஆரோலேப் தொழிற்கூடம் வந்து கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்தது. விலை சில நூறு ரூபாய்க்கு இறங்கியது. பத்து மில்லிமீட்டருக்கு மேல் இருந்த வெட்டு ஆறு, ஏழு ஆகி, தையலே வேண்டாமென்று ஆனது. பிறகு மூன்றுக்கும் கீழே போனது. ஒரு டேபிளில் முடித்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பை அடுத்த டேபிளுக்குத் திருப்புவார். அங்கே நோயாளியைத் தயாராக வைத்திருப்பவர்கள் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து எடுத்துப் பழக்கிய பெண்கள். என் சித்தி மகள் ஒருத்தி அவர்களில் இருந்தாள். அவள் ஒருநாளில் தயார் செய்யும் ஆட்களின் எண்ணிக்கையைக் கேட்டு, வயிற்று ஆபரேஷன்காரியான நான் நம்பவில்லை.

என் அம்மாவுக்கு அங்கேதான் செய்தோம். மறுநாள் பஸ் ஏறிப் பேரையூர் வந்தாள். வந்த அன்று சாயங்காலம் கீரை ஆய்ந்தாள். பாட்டியின் மணல் மூட்டைக்கும் இந்தக் கீரைக்கும் நடுவில் இருபது வருடம்கூட இல்லை.

வயிற்றுக்கு வருகிறேன். துளை போட்டு, குழாய் விட்டு உள்ளே பார்க்கும் வித்தை பழையது. 1901-ல் ஜெர்மனியில் கெல்லிங் என்பவர் நாயின் வயிற்றில் பார்த்தார். 1910-ல் ஸ்வீடனில் யாக்கோபேயஸ் மனிதரிடம் பார்த்தார். பார்க்க மட்டும்தான். 1980-ல் கீல் நகரத்தில் குர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர் அந்தத் துளை வழியாகக் குடல்வாலையே எடுத்தபோது ஜெர்மன் அறுவை மருத்துவர்கள் கொதித்தார்கள். 1985-ல் எரிக் மூஹே பித்தப்பையை எடுத்தபோதும் கேலிதான் மிஞ்சியது. மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா 1990-ல் இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை அறுவையைச் செய்தார். அடுத்த வருடமே கோவையில் டாக்டர் சி. பழனிவேலு தொடங்கிவிட்டார். விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளை, சிறுவயதில் மலேசியாவில் கூலி வேலை பார்த்தவர். மூன்று மாதம் பாரம் தூக்காதே என்பதன் பொருள் அவருக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் மருத்துவமனைக்கு லேப்ராஸ்கோப்பி வந்தபோது முதலில் மாறியது என் மூக்கு. தொலைநோக்கிக் குழாயை ஆட்டோகிளேவில் வேகவைத்தால் கெட்டுவிடும் என்று சைடெக்ஸ் கரைசலில் ஊறப்போடுவோம். அந்த நெடி கண்ணை எரிக்கும், தொண்டையில் ஒட்டும். வீட்டுக்குப் போய் ரசம் ஊற்றினாலும் சைடெக்ஸ் வாடை அடிக்கும். அடுத்து மாறியது எல்லோருடைய கழுத்து. வயிற்றைக் குனிந்து பார்த்தவர்கள் நிமிர்ந்து டி.வி. பார்த்தார்கள். கரியமில வாயுவை ஏற்றி வயிற்றைப் பந்தாக்கி, தொப்புளில் ஒரு போர்ட், மேலே கீழே இன்னும் இரண்டு மூன்று. கோல் போன்ற கருவி. அதில் ஒரு குளறுபடி: டாக்டர் கையை வலது பக்கம் ஆட்டினால் உள்ளே நுனி இடது பக்கம் போகும், ஏற்றமரம்போல. நாற்பது வயது தாண்டிய டாக்டர்கள் சின்னப் பிள்ளைகள் எழுதப் பழகுவதுபோல் அட்டைப் பெட்டிக்குள் கோலை விட்டு உளுந்தை எடுத்துப் பழகியதை நான் பார்த்தேன். திணறினால் "கன்வெர்ட்" என்பார்கள், பழையபடி கத்தி. அதனால் திறந்த அறுவைக்கான தட்டையும் நான் எப்போதும் தயாராக வைத்திருப்பேன். கேமராவைப் பிடிக்கப் பயிற்சி டாக்டர் ஒருவர் நிற்பார். மூன்றாவது மணி நேரத்தில் கை தளர்ந்து டி.வி.யில் கல்லீரலுக்குப் பதிலாக வயிற்றின் கூரை தெரியும், திட்டு விழும். 1994-ல் அமெரிக்காவில் ஈசாப் என்ற யந்திரக் கையை அனுமதித்தது இந்தக் கேமராவைப் பிடிக்கத்தான். கை தளராத ஆள் ஒருவன் வேண்டும். அமஞ்சி அங்கே தொடங்கியது.

யந்திரக் கை நோயாளிப் பக்கம் வந்தது அதற்கும் முன்னால். 1985-ல் கலிஃபோர்னியாவில் பியூமா 560 என்ற தொழிற்சாலைக் கையை வைத்து, மூளைக்குள் ஊசி போக வேண்டிய திசையைப் பிடித்துக்கொள்ள விட்டார்கள். போர்க்களத்தில் அடிபட்ட சிப்பாய்க்கு டாக்டர் தூரத்திலிருந்தே ஆபரேஷன் செய்ய முடியுமா என்று அமெரிக்க ராணுவம் பணத்தைக் கொட்டியது. அந்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான் டா வின்சி என்ற ரோபோ. 2000-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. 2006-ல் டில்லி எய்ம்ஸில் சிறுநீரகப் பிரிவுக்கு ஒன்று வந்தது.

அதன் உள்வேலையை முதலில் பார்த்தபோது தாத்தா கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கமலைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கமலையில் இரண்டு கயிறு உண்டு. வடம், தண்ணீர் மொள்ளும் சாலைத் தூக்கும். வால்கயிறு, சாலின் அடியில் இருக்கும் தோல் தும்பியை மடக்கும், விரிக்கும். மாடு ஒரே திசையில்தான் போகிறது. ஆனால் இரண்டு கயிற்றின் நீளக் கணக்கால் சால் மேலே வந்ததும் தும்பி தானாக வாயைத் திறந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். ரோபோக் கருவியின் நுனியிலும் அதுதான். எட்டு மில்லிமீட்டர் குழாய்க்குள் மெல்லிய உலோகக் கயிறுகள் ஓடுகின்றன. பின்னால் சின்னச் சக்கரங்கள் சுழன்றால் முன்னால் மணிக்கட்டு மடங்கும், திரும்பும், வாய் திறக்கும். லேப்ராஸ்கோப்பிக் கோலுக்கு மணிக்கட்டு கிடையாது, இதற்கு உண்டு. டாக்டர் கையை வலது பக்கம் ஆட்டினால் இது வலதுக்கே போகும். கை நடுங்கினால் நடுக்கத்தை வடிகட்டிவிடும். டாக்டர் மூன்று அங்குலம் நகர்த்தினால் உள்ளே ஒரு அங்குலம் நகர்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போவதால் ஆழம் தெரியும். இடுப்பெலும்புக் கூட்டுக்குள், புராஸ்டேட் பக்கத்தில், கை நுழையாத சந்துகளில் இது செய்கிற தையலைப் பார்த்து நான் அசந்து நின்றதுண்டு.

தொடுவுணர்ச்சி மட்டும் வெகுகாலம் இல்லை. நூலை எவ்வளவு இழுக்கிறோம் என்பது கண்ணால் பார்த்துத்தான். விரலுக்கு விசை தெரிகிற மாதிரியான டா வின்சி 2024-ல்தான் வந்தது. "இருக்கு" என்று சொன்ன டாக்டர் ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. பெரும்பாலானவற்றுக்கு நான் இருந்தபோது பத்து. பத்து ஆபரேஷன் முடிந்ததும் யந்திரம் அதை ஏற்க மறுத்துவிடும். கத்தரி பளபளவென்று இருக்கும், நன்றாக வெட்டும், ஆனால் செத்துவிட்டது. 1984-ல் எனக்குக் கொடுத்த கோச்சர் இடுக்கியை 2010-லும் நான் கழுவிக்கொண்டிருந்தேன். இந்தப் பத்து முறைக் கணக்கு பில்லில் எங்கேயோ ஏறுகிறது. கூலியில்லா வேலை என்று பெயர் வைத்துக்கொண்டு வந்த ஆள் உலகத்திலேயே அதிகக் கூலி வாங்குகிறான்.

பேரையூருக்குப் பக்கத்து ஊர் டி. கல்லுப்பட்டி. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தன் கடைசி வருடங்களைக் கழித்தார். என் அப்பா சிறுவனாக அவரைப் பார்த்திருக்கிறார். கதர் ஜிப்பாவும் கண்டிப்பும் மட்டும்தான் அவருக்கு ஞாபகம். குமரப்பா யந்திரமே கூடாது என்றவர் அல்ல. அது யார் கையில் இருக்கிறது, யாருக்காக ஓடுகிறது என்று கேட்டவர். அந்தக் கேள்வியை நான் ஒரு குடும்பத்துக்காக மனசுக்குள் கேட்டேன். எங்கள் பக்கத்துக்காரர், சாதாரணப் பித்தப்பைக் கல், ஒரு மருத்துவமனையில் ரோபோதான் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகையை அடகு வைத்துச் செய்துகொண்டார். நாலு துளைத் தழும்பு. லேப்ராஸ்கோப்பியில் செய்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே தழும்புதான். என்னிடம் பெருமையாகச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். நான் என்ன சொல்ல?

சோதித்துப் பார்த்தவர்கள் சொன்னதும் அடக்கமாகத்தான் இருக்கிறது. மலக்குடல் புற்றுநோயில் 471 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். திறந்த அறுவைக்கு மாற வேண்டி வந்தது லேப்ராஸ்கோப்பியில் நூற்றுக்கு 12 பேர், ரோபோவில் 8 பேர். அது தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம் என்று முடித்தார்கள். அடுத்த வருடம் வந்தது என்னை உலுக்கியது. ஆரம்ப நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய், 600-க்கும் மேற்பட்ட பெண்கள். ஒரு பாதிக்குத் திறந்து செய்தார்கள். மறு பாதிக்குத் துளை வழியாக, பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி, சிலருக்கு ரோபோ. நாலரை வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்து செய்ததில் நூற்றுக்கு 96.5. துளை வழியில் 86. எங்கள் தியேட்டரில் அந்தச் செய்தியை ஒரு சின்ன டாக்டர் போனில் வாசித்தபோது யாரும் பேசவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயோடு கிராமத்திலிருந்து வரும் பெண்களை எனக்குத் தெரியும். தழும்பைப் பற்றி ஒருத்திகூடக் கேட்டதில்லை. எத்தனை நாளில் களை எடுக்கப் போகலாம் என்றுதான் கேட்பார்கள். அவர்களுக்குச் சின்னத் துளை நல்லது என்று நானும் சேர்ந்து சொல்லியிருக்கிறேன்.

காசில்லாதவர்களுக்கும் இது கிடைக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் இல்லாமலில்லை. 2022 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 34.60 கோடி ரூபாயில் ரோபோ அறுவை சிகிச்சை மையத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்தார். சட்டமன்றத்துக்காகக் கட்டி, பிறகு ஆஸ்பத்திரியாகிப்போன அதே கட்டடம். அதே வருடம் குருகிராமில் டாக்டர் சுதிர் ஸ்ரீவாஸ்தவாவின் நிறுவனம் மந்த்ரா என்ற இந்திய ரோபோவைக் குறைந்த விலையில் கொண்டுவந்தது. மதுரை லென்ஸுக்கு நடந்தது இதற்கும் நடக்குமா என்று கேட்டால், லென்ஸ் சட்டைப்பைக்குள் அடங்கும், இது அறையையே அடைக்கும் என்பேன்.

தூரத்திலிருந்து செய்வது என்ற பழைய ஆசை என்ன ஆயிற்று? 2001 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கில் உட்கார்ந்த ஜாக் மாரெஸ்கோ பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் படுத்திருந்த 68 வயதுப் பெண்ணின் பித்தப்பையை எடுத்தார். நாலாவது நாள் நியூயார்க் கோபுரங்கள் விழுந்தன. இந்தச் செய்தியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2003-ல் கனடாவில் மெஹ்ரான் அன்வாரி, ஹாமில்டனில் இருந்தபடி 400 கிலோமீட்டர் தள்ளி நார்த் பே என்ற சிறிய நகரத்து நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். 2018 டிசம்பரில் டாக்டர் தேஜஸ் படேல் காந்திநகர் அக்ஷர்தாம் கோவிலில் இருந்துகொண்டு 32 கிலோமீட்டர் தள்ளி அகமதாபாத்தில் இதய ரத்தக்குழாய்க்கு ஸ்டென்ட் வைத்தார். முப்பத்திரண்டு கிலோமீட்டர் என்றால் எங்கள் ஊரிலிருந்து திருமங்கலம் போகிற தூரம். படிக்கும்போது சிரிப்பு வந்தது. பேரையூரில் ராத்திரி குடல்வால் வெடித்தால் டாக்டரின் கை தூரத்திலிருந்து இங்கே வருவது இருக்கட்டும். நோயாளியை அங்கே கொண்டுபோக வண்டி வர வேண்டும். நார்த் பேயிலும் டேபிள் பக்கத்தில் ஒரு டாக்டர், மயக்கம் கொடுக்க ஒருவர், என்னைப் போல ஒருத்தி நின்றிருப்பார்கள். எஜமான் 400 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் கருவியை மாற்றிக் கொடுக்கிற கை பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். கோவையில் ரோபோ ஓடும்போது நோயாளியைத் தொட்டுக்கொண்டு நின்றது நானும் உதவி டாக்டரும்தான். பெரிய டாக்டர் எட்டடி தள்ளிச் செருப்பைக் கழற்றிவிட்டு மிதிகட்டையில் கால் வைத்து உட்கார்ந்திருப்பார். ரத்தம் பீய்ச்சினால் அவரால் உடனே எழுந்து ஓடிவரக்கூட முடியாது. "சிஸ்டர், பாத்துக்கங்க" என்று ஒலிபெருக்கியில் குரல் மட்டும் வரும்.

வேலையை விட்டு வரும்போது, எண்ணிக்கை முடிந்து செத்துப்போன ஊசிபிடிக் கருவி ஒன்றைக் கழுவி, வேகவைத்து, நினைவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது பேரையூர் வீட்டில் அலமாரியில் இருக்கிறது. பின்பக்கச் சக்கரங்களை விரலால் திருப்பினால் நுனி மடங்கி வாயைத் திறக்கும். பேரன் வந்தால் அதுதான் விளையாட்டு.

போன மாதம் அவன் கொல்லைப்பக்கம் ஓடிச் சீமைக்கருவேல முள்ளை ஏற்றிக்கொண்டு வந்தான். நான் பெருமையாக அந்தக் கருவியை எடுத்தேன். ஒரு கையால் சக்கரத்தைத் திருப்பி, மறு கையால் குழாயைப் பிடித்து, முள்ளைக் கவ்வப் பார்த்தேன். வழுக்கியது. மறுபடி வழுக்கியது. பையன் அலறினான்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். எண்பத்தாறு வயது, கண்ணாடி கிடையாது. "தள்ளு" என்றாள். தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கை எடுத்து, நுனியை விளக்கில் காட்டி, அவன் காலை மடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தடவினாள்.

"இருக்கு" என்றாள்.